அஞ்சு வாட் சார்

எங்கள் வீட்டு வாசல் விளக்கைப் பல வருடம் நாங்கள் அணைத்ததே இல்லை. பொழுது சாய்ந்ததும் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வாசல் சுவிட்சைப் போடுவது என் வேலை. விடிந்ததும் அதை அணைப்பது மாடியில் குடியிருந்த சாருடைய வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, அவராக எடுத்துக்கொண்டது. பால்காரர் வருவதற்கு முன்பே படியில் ரப்பர் செருப்புச் சத்தம் கேட்கும். இறங்கி வருவார். கிழக்கே ஒரு தடவை பார்ப்பார். கோட்டைச் சுவருக்கு மேலே நன்றாக வெளுத்துவிட்டதா என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு, சுவிட்சைத் தட்டிவிட்டு மேலே போய்விடுவார்.

அவர் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதினால், "எதுக்குங்க அது, தேவையில்லாம?" என்றுதான் கேட்பார்.

எங்கள் வீடு சதுரங்கப்பட்டினத்தில், பழைய டச்சுக் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். விடிகாலையில் போனால் இருட்டித்தான் வருவார். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. மாடியில் ஓர் அறை போட்டு வாடகைக்கு விடலாம் என்றார் அவர். அந்த அறைக்கு வந்தவர்தான் சார். கல்பாக்கத்தில் ஆராய்ச்சி வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். மனைவி தவறிப்போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போவார்கள். அவர் போகவில்லை. ஒரு பெட்டி, ஒரு பாய், இரண்டு மூன்று பாத்திரம், ஒரு சின்ன லேப்டாப், இவ்வளவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"மத்த சாமானு எப்ப சார் வரும்?" என்று கேட்டேன்.

"இவ்வளவுதானுங்க அம்மிணி. மத்ததெல்லாம் குடுத்துட்டேன்."

அம்மிணி என்று எங்கள் பக்கத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. கேட்க நன்றாக இருந்தது.

வாடகை கொடுக்கவோ தண்ணீர் மோட்டார் போடச் சொல்லவோ கீழே வந்தால் பேசுவது நம்மோடு இருக்கும், கண் மட்டும் வீட்டைச் சுற்றும். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அவருக்குப் பேச்சே ஓடாது. ஒரு நாள் டிவியைக் காட்டி, "அந்தச் செவப்புப் பொட்டு எரியுது பாருங்க" என்றார்.

"டிவியை ஆஃப் பண்ணிட்டேனே சார்."

"ரிமோட்ல பண்ணீருப்பீங்க. அது தூங்கலீங்க. கண்ணை மூடிட்டுப் படுத்திருக்குது, நீங்க எப்பக் கூப்பிடுவீங்கன்னு கேட்டுக்கிட்டே. அதுக்கும் கரண்ட்டு போகுமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்தால் யாரோ படுத்துக்கொண்டு நம் பேச்சைக் கேட்கிறமாதிரி ஒரு கூச்சம். சுவிட்சையே நிறுத்திவிடுவேன்.

சமையலிலும் அப்படித்தான். அரிசி முக்கால் பதம் வெந்ததும் அடுப்பை நிறுத்தி மூடிவிடுவார், மீதி அந்தச் சூட்டிலேயே வெந்துகொள்ளுமாம். பேச்சும் முக்கால்தான். மீதியை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

சாயங்காலம் குழம்போ பொரியலோ எடுத்துக்கொண்டு மேலே போனால் அந்தச் சின்ன லேப்டாப்பின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். பழைய மிஷின், மூலையில் கீறல் விழுந்தது. மற்றவர்கள் கம்ப்யூட்டரில் பூ, மலை, சாமி படமெல்லாம் தெரியும். இதில் கன்னங்கரேலென்று திரை, அதில் சோளப்பொரி சிதறினமாதிரி வெள்ளை எழுத்து. அதுவும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும், வெளிச்சத்தை அவ்வளவு தணித்து வைத்திருப்பார்.

"இன்னா சார் இது, ரிப்பேரா?"

"இல்லீங்க. இது லினக்ஸு, மிஷினை ஓட்டற சாப்ட்வேருங்க. எடை கம்மியான ஆளு. நாம சொன்னதை மட்டும் செய்யும். படம், பாட்டு, ஜன்னல் ஒண்ணுமில்லை. வேணும்னா கூப்பிட்டுக்கலாம், வேண்டாம்னா அனுப்பிச்சுரலாம்."

அதில் ஒரு கணக்குத் திரை உண்டு. உள்ளே எது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அது காட்டுமாம். அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக நிறுத்துவார். "கேமராவை நான் தொடறதே இல்லை, அது எதுக்கு முழிச்சிருக்குது? ஸ்பீக்கர் பாருங்க, சத்தமே போடலை, ஆனா ரெடியா நிக்குது. புளூடூத்து யாரையோ தேடிட்டே இருக்குது, இங்க யாரு இருக்கா அதுக்கு?" என்று வகுப்பில் அடங்காத பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறமாதிரி பேசுவார். மவுஸைக்கூடப் பிடுங்கிப் போட்டுவிட்டார். மிஷினின் மூளையையும் மெதுவாக யோசித்தால் போதும் என்று சொல்லி வைத்திருந்தார்.

நான் ஏழாவதோடு நின்றவள். எனக்கு இதெல்லாம் எங்கே புரியும்? ஆனால் விளக்குத் திரியைத் தணிப்பது தெரியும். எண்ணெய் கொஞ்சமாக இருந்து, பூஜை முடிகிறவரை சுடர் நிற்க வேண்டுமென்றால், திரியை உள்ளே இழுத்துவிட்டு ஜன்னலைச் சாத்துவோம் இல்லையா, அதைத்தான் சார் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எதற்காகச் சுடர் நிற்க வேண்டும் என்பது மட்டும் அப்போது தெரியாது.

ஒரு நாள் படியில் வேகமாக இறங்கி வந்தார். வேன் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம், "இன்னைக்கு அஞ்சு வாட்டுங்க! முழுசா ஓடறப்பவே அஞ்சு வாட்டு!" என்றார். பேரன் பிறந்ததைச் சொல்கிற முகம்.

இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லதா சார் அது?"

"பதினாலுல இருந்துச்சுங்க."

"அடேங்கப்பா. எங்க வூட்டு நைட் லேம்பே அதுக்கு மேல துன்னும் போலக்கீதே" என்றார் இவர். அன்றைக்கு வைத்த பெயர்தான் அஞ்சு வாட் சார். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார். சாருக்கு அதில் பெருமைதான்.

இரண்டு பேருக்கும் ஒரே ஒரு தடவைதான் முட்டிக்கொண்டது. கார்த்திகைக்கு என் வீட்டுக்காரர் முகப்பு முழுக்க சீரியல் செட் கட்டினார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முகப்பு இருட்டு.

"சார், நீங்களா ஆஃப் பண்ணது?"

"தெருவுல ஆளே இல்லீங்களே."

"ஆளுக்காகவா சார் போட்டோம்? சாமிக்காகப் போட்டோம்!"

சார் கொஞ்சம் யோசித்தார். "சாமிக்கு வெளிச்சம் வேணுங்களா?" என்று நிஜமாகவே கேட்டார். கிண்டல் இல்லை. இவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்: "சாமிக்கு வேணாம் சார். வேணும்ன்றது நமக்குத்தான். நாம இங்க கீறோம்னு சாமிக்குத் தெரியணும் இல்ல?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் அவரே சுவிட்சைப் போட்டார். அன்றிரவு முழுக்க அது எரிந்தது, அவர் தொடவில்லை. என்ன சொல்லிவிட்டோம் என்று எனக்குப் புரியவில்லை. பின்னால்தான் புரிந்தது.

கிருத்திகைக்கு நாங்கள் திருப்போரூர் போகும்போது அவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவோம். நான் கந்தசாமி முன்னால் நின்றால் பெரிய பெண், சின்னப் பெண், மாப்பிள்ளைகள், வீட்டுக்காரர் முதுகுவலி, எதிர்வீட்டுச் சண்டை என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். சார் கையைக் கூப்பி நின்றால் சட்டென்று முடிந்துவிடும். "இன்னா சார், அதுக்குள்ள வேண்டிக்கினீங்களா?" என்பேன். "ஒண்ணே ஒண்ணுதானுங்க. மத்ததையெல்லாம் நிறுத்திட்டு அதை மட்டும் கேட்டேன்" என்பார். என்ன என்று கேட்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை.

தெரிந்தது இப்படித்தான். ஒரு நாள் அந்த அஞ்சு வாட்டையும் குறைத்து நாலரைக்குக் கொண்டுவந்து சந்தோஷமாக இருந்தார். அடுத்த நாள் கீரை மசியல் கொண்டுபோனபோது முகம் தொங்கிக் கிடந்தது.

"அந்த அரை வாட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன் அம்மிணி."

"இன்னாத்துக்கு சார்?"

மிஷினின் பக்கவாட்டில் இன்டர்நெட்டுக்காக ஒரு குச்சி சொருகியிருக்கும். அதில் பச்சையாக ஒரு பொட்டு வெளிச்சம் துடித்துக்கொண்டே இருக்கும். அதைக் காட்டினார். "இதை நடுநடுவுல தூங்க வெச்சுப் பார்த்தேன். மிச்சம் ஆச்சு. ஆனா இது தூங்கற நேரத்துல, நான் இல்லைன்னு காட்டுது. நல்லவேளை, உடனே பார்த்துட்டேன். எதை நிறுத்தினாலும் இதை நிறுத்தக் கூடாதுங்க. இதுக்காகத்தானே மத்ததை நிறுத்தறது."

"யாருக்கு சார் காட்டுது?"

நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்.

ஒரே மகன். அந்த மிஷின் அவன் காலேஜில் வைத்திருந்தது. அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்து, அப்பாவும் பிள்ளையும் மட்டும் பேசிக்கொள்ள ஒரு அரட்டைத் திரையையும் அமைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனவன். ஒருவர் மிஷின் விழித்திருந்தால் மற்றவர் திரையில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு தெரியும். தினமும் பேசினார்கள். பிறகு அவன் கல்யாண விஷயத்தில் பேச்சு வந்தது. அப்பா பார்த்த பெண்ணை அவன் வேண்டாம் என்றான். சாரும் விடவில்லை, எழுத்தில் வார்த்தை தடித்துவிட்டது.

"நான் பெருசா ஒண்ணு அடிச்சுட்டே இருந்தேனுங்க. நடுவுல அவன், 'இருங்கப்பா, வரேன்'னு போட்டான். அவ்வளவுதான். போனவன் வரலை. போன் நம்பரையும் மாத்திட்டான். ஊர்ல யாருக்கும் தெரியலை. இந்த வூட்டுக்கு வந்த அன்னைக்கே அட்ரஸை அதுல அடிச்சு வெச்சேன். பார்த்தானோ என்னமோ. அவன் பொட்டு அன்னைக்கு அணைஞ்சதுதான்."

"அதுக்காகவா சார் இத்தினி வருசமா...?"

"இருங்கன்னு சொல்லீட்டுப் போயிருக்கானுங்களே" என்றார்.

கிண்ணத்தை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அவர் ஏன் ஊருக்குப் போகவில்லை, ஏன் ஒரு கல்யாணம் காட்சிக்கும் வெளியூரில் தங்கியதில்லை என்பதெல்லாம் படி இறங்கும்போதே விளங்கிவிட்டது. கரண்ட் போனாலும் அந்தச் சின்ன மிஷின் தன் பேட்டரியிலேயே நாள் முழுக்க நிற்க வேண்டும். அந்தப் பச்சைப் பொட்டு அணையவே கூடாது. அதற்குத்தான் இத்தனை சிக்கனமும்.

அப்புறம் அந்தப் புயல் வந்தது. காற்று மரக்காணம் பக்கம் கரையேறியது என்றார்கள். எங்கள் தெருவில் வேப்பமரம் கம்பியோடு சாய்ந்து கரண்ட் போய்விட்டது. எங்கள் இன்வெர்ட்டர் முதல் நாளே உயிரை விட்டது. மறுநாள் ஊரில் எல்லோர் போனும் செத்துக் கிடந்தது. மாடியில் மட்டும் பச்சைப் பொட்டு துடித்துக்கொண்டிருந்தது. திரையை முழுசாகவே அணைத்துவிட்டு, எதையும் தொடாமல், அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சார்.

எதிர்வீட்டில் மீன் விற்கிற அம்மா, கிருத்திகைதோறும் நான் சாமியிடம் புகார் சொல்வேனே அந்த அம்மாதான், நனைந்த புடவையோடு வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, உன் மாடி வூட்டு ஆளு கைல கரண்ட்டு கீதாமே?"

"கரண்ட்டு இல்ல. பேட்டரி."

"ஏதோ ஒண்ணு. எம் பொண்ணு மரக்காணத்துல நெறமாசமா கீது. ரெண்டு நாளா ஒரு சேதியும் இல்ல. போனு செத்துப்பூச்சி. ஒரே ஒரு வாட்டி அவ கொரலைக் கேட்டாப் போதும், சண்டையெல்லாம் அப்புறம் வெச்சிக்கலாம்."

மேலே அழைத்துப் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு சார் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார்.

"லைன் உடனே கெடைக்குங்களா?"

"கெடைக்கற வரைக்கும் அடிச்சிகினே இருக்கணும் அண்ணாத்த."

"சார், இத்த சொருகினா அது நிக்குமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நிக்காதுங்க." ஒயரை எடுத்து நிமிர்த்தினார். "அவங்க பொண்ணு எங்கிருக்குன்னு தெரியும். கூப்பிட்டா எடுக்கும். அப்படி ஒரு ஆளு இருக்கறப்ப..." மீதியை அவர் சொல்லவில்லை. அவள் போனை மிஷினில் சொருகிவிட்டார்.

மதியத்துக்கு மேல் லைன் கிடைத்தது. பெண் பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் பத்திரமாக இருந்தாள். எதிர்வீட்டம்மா அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். "அண்ணாத்த, போட்டு கடலுக்குப் போனதும் உனக்கு வஞ்சிரம் கொண்டாரேன், இதோ இம்மாம் பெருசு!"

"நான் மீன் சாப்பிடறதில்லீங்க."

"அப்ப இன்னாத்துக்கு இந்த ஊருல வந்து குந்திகினு கீற?"

சாரும் சிரித்தார். அவள் போன பிறகு பார்த்தோம். குச்சியில் பச்சைப் பொட்டு இல்லை. அவர் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடு எறங்கிருச்சுங்க" என்றார். காய்ச்சல் விட்டதைச் சொல்கிற வார்த்தை. ஆனால் சொன்ன விதம் அப்படியில்லை.

மறுநாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. தெருவே கத்தியது. நான் சாமி விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். "அம்மிணி!" என்று மேலேயிருந்து ஒரு சத்தம். சார் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஷாக் அடித்துவிட்டதோ என்று எண்ணெய்க் கையோடு ஓடினேன்.

கறுப்புத் திரையின் அடியில் ஒரே ஒரு சொல் இருந்தது.

அப்பா?

"அணைஞ்சிருந்தப்ப கேட்டிருக்கானுங்க. நேத்தே கேட்டிருக்கான்" என்றார்.

"சார், அப்படின்னா அவரு தெனமும் பாத்துகினுதான் கீறாரு!"

"ஆமாங்க. தன் பொட்டை மறைச்சு வெச்சுட்டு என் பொட்டைப் பார்த்திருக்கான். எரியுது, சரி அப்பா இருக்காருன்னு போயிருக்கான்." நாற்காலியில் சாய்ந்தார். "நான் அணையாம பார்த்துக்கிட்டேன். அதனாலதான் அவன் கேக்கவே இல்லை."

அவர் 'இருக்கேன்' என்று அடித்து அனுப்பினார். நானும் பக்கத்தில் நின்றேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த வாசம் மேலே வரைக்கும் வந்தது, அப்போதும் நகரவில்லை. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்து நானே கேட்டேன். "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இன்னொரு தபா அணைச்சு வையுங்களேன். ஓடி வரட்டும்."

"வேண்டாமுங்க. அது பயமுறுத்தறது. பயந்து வர்றவன், பயம் தீந்ததும் போயிருவான்." கடைக்குப் போய்ப் பெரிய பேட்டரி ஒன்று வாங்கி வந்து மூலையில் வைத்து மாட்டினார். "இனி அவன் அப்படிப் பதறக் கூடாதுங்க" என்றார்.

ஆனால் அடுத்து வந்த பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு போனபோது கதவு திறந்திருந்தது. மிஷினின் பவர் பட்டன்மேல் அவருடைய ஆள்காட்டி விரல் இருந்தது. அழுத்தவில்லை, வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டார். "சும்மா தொட்டுப் பார்த்தேனுங்க" என்றார். நான் தட்டை வைத்துவிட்டுப் படியிறங்கி, பூஜை அறையில் போய் உட்கார்ந்தேன். வீடு முழுக்கப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து கத்திக்கொண்டிருந்த நாள் அது. அன்றைக்கு நான் முருகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

ஒரு நாள் காலை கோலம் போட வெளியே வந்தேன். வெயில் கோட்டைச் சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. தலைக்கு மேலே வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கோலமாவுக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். தரையில் கிடந்தார். மூச்சு இருந்தது. வலது பக்கம் அசைவில்லை, வாய் கோணியிருந்தது. என் வீட்டுக்காரர் வேனைத் திருப்பிக்கொண்டு வந்தார். செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நினைவு திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. ஈரோட்டிலிருந்து தூரத்து உறவு ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார், மகனைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றார் டாக்டர். வாய் பேசாத மனுஷர், கண்ணால் என்னை மட்டும் பார்த்தார். எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். "எரிஞ்சிகினு கீது சார். நான் பாத்துக்கறேன்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மேலே போனேன். பொட்டு துடித்துக்கொண்டிருந்தது. சேதி அடித்து அனுப்பலாம் என்று என் வீட்டுக்காரர் ஒரு பட்டனைத் தட்டினார். திரை பாஸ்வேர்டு கேட்டது. அது சாருடைய வாயில் இருந்தது, வாயோ அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு எழுதி வாங்கலாமென்றால், எழுதுகிற வலது கையும் விழுந்துவிட்டது.

"இன்னா பண்றது?" என்றார் இவர்.

அந்தப் பொட்டையே பார்த்தேன். அது இன்னும் 'இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, சரி, அப்பா நன்றாக இருக்கிறார் என்று சாப்பிடப் போகும். சார் இத்தனை வருடம் காப்பாற்றிய வெளிச்சம் இப்போது பொய் சொல்லிக்கொண்டிருந்தது. பயமுறுத்தி வரவழைக்கக் கூடாது என்று அவர் சொன்னார், வாஸ்தவம். ஆனால் இது பயமுறுத்தல் இல்லை. உள்ளதைச் சொல்வது.

கீழே போய் சாமி விளக்கை ஏற்றினேன். திருநீறு எடுத்துக்கொண்டு மறுபடி மேலே வந்து அந்த மிஷின் மூடியில் இட்டேன். எங்கள் வீட்டில் விளக்கை அணைத்தேன் என்று சொல்ல மாட்டோம், மலையேற்றினேன் என்றுதான் சொல்வோம். "முருகா, மலையேத்தறேன்" என்று சொல்லிப் பட்டனை அழுத்திப் பிடித்தேன். பொட்டு போய்விட்டது. இந்த அறையில் அதில்லாமல் எவ்வளவு இருட்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் முற்பகல். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்தால், தோளில் பையோடு ஒருவன் நிற்கிறான். தாடியில் நரை ஓடியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, மாடியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல் கேட்டான்.

"அப்பா?"

"வா தம்பி" என்றேன். வேறென்ன சொல்ல?

லீவு போட்டிருந்த என் வீட்டுக்காரர் வேனை எடுத்தார், அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். செங்கல்பட்டு ஏரி தெரிந்தபோது, "தினமும் பார்ப்பேனுங்க்கா. எரிஞ்சுட்டே இருந்துச்சு" என்றான். அப்பாவின் அதே முக்கால் பேச்சு.

வார்டில் சார் கண்ணைத் திறந்து பார்த்தார். பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் அழவில்லை. சார் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கண் மெல்ல மேலே போனது, பக்கத்துக் கட்டிலுக்கு நேரே நின்றது. அந்தக் கட்டிலில் ஆளில்லை. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளையும் நிமிர்ந்து பார்த்தான். எழுந்தான், சுவரண்டை போனான். வரிசையாக இருந்த சுவிட்சுகளில் ஒன்றை மட்டும் தட்டினான். ஃபேன் மெதுவாகி நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்து அப்பாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். சாருடைய கோணிய வாயில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது.

"யாரும்மா அந்த ஃபேனை நிறுத்துனது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் நர்ஸ்.

"அவரு புள்ள" என்றேன்.

அதற்குப் பிறகு சார் அதிக நாள் இருக்கவில்லை. இருந்தவரை பிள்ளை அந்த ஸ்டூலை விட்டு நகரவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் வந்து அறையைக் காலி பண்ணினான். அந்தச் சின்ன மிஷினைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டான். மூடியில் நான் இட்ட திருநீற்றை அவன் துடைக்கவில்லை.

மாடியில் இப்போது வேறு குடும்பம். நல்லவர்கள்தான். நாள் முழுக்க டிவி ஓடும், எல்லா அறையிலும் விளக்கு எரியும்.

நான் சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வாசல் சுவிட்சைப் போடுகிறேன். விடிந்ததும் யாரும் அதை அணைக்க இறங்கி வருவதில்லை. கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தால், வெயிலில் அது வெளுத்துப்போய் எரிந்துகொண்டிருக்கிறது. சுவிட்ச் கைக்கெட்டுகிற தூரம்தான். இருந்தாலும் படியில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அணைக்கிறேன்.